மரத்தளபாடங்களுக்கு வீட்டுச் சுண்ணாம்பு வெள்ளை

வீட்டை விட்டு ஓடுகின்ற குடும்பம் அலுமாரியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்த முஸ்லிம் குடும்பங்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தவர்களும், 2009இல் வன்னியின் கடைசிக் கரையிலிருந்து வந்தவர்களும் கொண்டுவந்தவை ஓர் உரப்பைக்குள் அடங்கும். அவர்களில் சிலர் பல ஆண்டுகளுக்குப் பின் தமது காணிக்குத் திரும்பினர். பலருக்கு அங்கே கதவும் இல்லை, நிலையும் இல்லை, கூரையும் இல்லை. சிலர் இன்னமும் பிறர் காணியிலேயே காலங்கழிக்கின்றனர்.

ஆயினும் மனிதர் வெறும் நிலத்தில் நெடுங்காலம் இருப்பதில்லை. பெட்டிப் பலகையில் ஒரு வாங்கு, பாடசாலை கழித்துவிட்ட ஒரு மேசை, உறவினர் கொடுத்த ஒரு கால் உடைந்த கதிரை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு, ஒன்று நிறமே இல்லை. இவற்றுக்குக் கடை வண்ணப்பூச்சு வாங்கப் போனால் 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஏறிய விலை எம்மைத் திருப்பி அனுப்பிவிடுகின்றது. கடன் எடுத்து வண்ணப்பூச்சு வாங்குவதை நாம் எவருக்கும் சொல்லமாட்டோம். எனவே சுண்ணாம்பைக் கொண்டு மரத்துக்கு வெள்ளை பூசும் முறையை இவ்விதழில் விரிவாகத் தருகின்றோம். சுவருக்கு வெள்ளையடிக்க எம்மவருக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. மரத்துக்கு அடிப்பது வேறு வேலை. சுவருக்கு அடிப்பது போல வாங்குக்கு அடித்தால் ஒரு மாதத்தில் பாதி வெள்ளை உட்காருபவரின் உடுப்பில் இருக்கும்.

சுண்ணாம்பு என்ன செய்கின்றது?

சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் அதிலுள்ள காபனீரொட்சைட்டு வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் நீர் சேரும்போது கொதித்து நீறுகின்றது. இவ்வாறு நீற்றிய சுண்ணாம்பைப் பூசியதும் அது காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல மெல்ல மீண்டும் உள்வாங்கிப் பழையபடி கல்லாகின்றது. அதாவது வெள்ளையடித்த சுவரில் மெல்லிய கல்லுத்தோல் ஒன்று படர்ந்திருக்கின்றது. இது ஒரே நாளில் நடப்பதன்று. வாரக்கணக்கில் நடக்கும். அதற்கு ஈரமும் வேண்டும். கடும் வெயிலில் சடுதியாகக் காய்ந்த சுண்ணாம்பு கல்லாகாமல் மாவாகவே நின்றுவிடுவது இதனாலேயே.

சுவர் அசையாது. மரமோ மாரியில் ஊதிக் கோடையில் சுருங்கும். கல்லுத்தோல் அந்த அசைவைத் தாங்காமல் வெடித்து உரியும். மேலும், சுவர் சுண்ணாம்பை உறிஞ்சிப் பிடிப்பது போல இழைத்து மினுக்கிய பலகை பிடிப்பதில்லை. இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கவே மரத்துக்கான கலவையில் ஒரு பசை சேர்க்கின்றோம். பூச்சையும் மிக மெல்லியதாக வைக்கின்றோம்.

எந்த மரத்துக்கு, எதற்கு வேண்டாம்

பெட்டிப் பலகை, மாம்பலகை, வாளறுத்த தென்னம்பலகை, முன்னர் எதுவும் பூசாத சொரசொரப்பான பலகை ஆகியன சுண்ணாம்பை நன்கு ஏற்கும். வார்னிஷ் அல்லது எனாமல் பூசியவை ஏற்கமாட்டா. அவற்றை மரம் தெரியும்வரை சுரண்டியாக வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய எனாமல் பூச்சுக்களில் ஈயம் கலந்திருக்கலாம். இலங்கையில் 2013ஆம் ஆண்டு முதலே வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவுக்குச் சட்டப்படி வரம்பு உண்டு. அதற்கு முந்திய தளபாடத்தைக் காய்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூள் மூச்சிலும் பிள்ளைகளின் கையிலும் சேரும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கின்றது. ஆகையால் பலகையை நனைத்து ஈரத்தோடு சுரண்டுங்கள்; முற்றத்தில் பழைய சாக்கொன்றை விரித்து அதன்மேல் வைத்துச் செய்யுங்கள்; சுரண்டல்களை அள்ளிக் கட்டி, தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் எட்டாத இடத்தில் அகற்றுங்கள். எரிக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் அவ்விடத்தில் நிற்கக்கூடாது.

மகோகனியில் சுண்ணாம்பு பட்டால் மரம் கறுத்துச் சிவக்கும். துவர்ப்புச் சத்து மிகுந்த எந்த மரத்திலும் கபிலநிறக் கறை வெள்ளைக்கு மேலே ஊறி வரலாம். எந்தப் பலகையானாலும் அடிப்புறத்தில் உள்ளங்கை அளவு பூசி, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

முதிரை, பலா, தேக்கு ஆகியவற்றில் செய்த பழைய பெட்டகமோ கதிரையோ தப்பிப் பிழைத்து உங்கள் கைக்கு மீண்டு வந்திருந்தால், அதற்கு வெள்ளை அடிக்காதீர்கள். மரத்தின் ரேகைக்குள் இறங்கிய சுண்ணாம்பை முழுதாக எடுக்க இயலாது. ஈரத்துணியால் துடைத்து, மெழுகு தேய்த்து விட்டாலே போதும். இரவல் வீட்டில் இருப்போர் அவ்வீட்டாரின் வாங்கில் கை வைக்குமுன் கேட்டுக்கொள்வது நன்று. எமக்கு அழுக்காகத் தெரிவது அவர்களுக்குத் தகப்பன் செய்த வாங்காக இருக்கலாம்.

உக்கிய மரத்துக்கும் வெள்ளை வேண்டாம். வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி ஆண்டவர் சொன்னது மனிதரைக் குறித்தே என்றாலும், வாங்குக்கும் அது பொருந்தும். உளியை வைத்து அமர்த்தினால் உள்ளே போகின்ற கால், வெள்ளையடித்த பின்னும் ஒருநாள் முறியவே செய்யும். முதலில் காலை மாற்றுங்கள்.

சுண்ணாம்பு எங்கே பெறுவது

கட்டடப்பொருள் கடைகளில் பையில் வரும் நீற்றிய சுண்ணாம்புத் தூளே இவ்வேலைக்கு இலகுவானது. ஒரு மேசைக்கும் இரண்டு வாங்குக்கும் ஒரு கிலோ தாராளமாகப் போதும். பொட்டலம் கட்டிருந்தால், அது முன்னரே காற்றுப்பட்டுக் கல்லாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை வாங்க வேண்டாம்.

கடலோரத்தில் வாழ்பவர்கள் முருகைக்கல்லைப் பொறுக்கிச் சுடுவதைக் கைவிட வேண்டும். 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டமும் 1988இல் வந்த அதன் திருத்தமும் இதனைத் தடுக்கின்றன. சட்டத்துக்காக மட்டும் இதை நாம் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது, தெற்கே இக்கடுவைக்கு அண்மையில் முருகைக்கல் அகழப்பட்ட பெரலியப் பகுதியில் நீர் மிகத் தூரம் உள்ளே போனதையும், கற்பார் காப்பாற்றப்பட்ட அயற்பகுதியில் அவ்வளவு போகாததையும் ஆய்வாளர் பின்னர் அவதானித்தனர். கரையின் மதிலைச் சுட்டு வீட்டின் வாங்குக்குப் பூசுவது இலாபமான வியாபாரமன்று. உண்டு கழித்த மட்டி, சிப்பி ஓடுகளைச் சுடுவதில் இந்தக் குற்றம் இல்லை. ஆனால் அதற்குச் செலவாகும் விறகையும் கணக்கிற் கொள்ளுங்கள்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லாகவே கிடைத்தால் அதை நீற்ற வேண்டும். இரும்பு வாளியிலோ பெரிய மண்பானையிலோ முதலில் தண்ணீரை விட்டு, அதற்குள் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடுங்கள். கல்லைப் போட்டுவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் அது கொதித்துச் சிதறி முகத்துக்கு வரும். பிளாஸ்ரிக் வாளி அந்தச் சூட்டில் இளகிவிடும். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும். சமையற் சட்டியை இதற்கு எடுக்க வேண்டாம். நீறிய சுண்ணாம்பை ஒரு வாரமேனும் தண்ணீருக்குள் ஊறவிட்டுப் பின்னர் பாவியுங்கள். நீறாத சிறு கட்டிகள் பலகையில் பூசிய பின் நீறத் தொடங்கினால் சிறு சிறு கொப்புளமாக வெடிக்கும்.

கண்ணைக் காப்பாற்றுங்கள்

வெற்றிலைத் தட்டத்தில் நாளும் கிடப்பதால் சுண்ணாம்பை நாம் ஒரு ஆபத்தான பொருளாக நினைப்பதில்லை. ஆனால் ஈரச் சுண்ணாம்பு கடும் காரம். கண்ணில் பட்டால் கருவிழியை உருக்கி, அதன் தெளிவை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொதியைப் பிள்ளைகள் அமுக்கி விளையாடும்போது அது கண்ணில் தெறித்துப் பார்வை போன சம்பவங்கள் மருத்துவர்களுக்குப் புதியவை அல்ல.

தெறித்துவிட்டால் ஒரு கணமும் தாமதியாது சுத்தமான தண்ணீரை ஊற்றுங்கள். கண் இமையை விரித்துப் பிடித்து, இமைக்குள் ஒட்டியிருக்கும் துணிக்கையும் வெளியேறும்படி அரை மணித்தியாலம் வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். முலைப்பால், எண்ணெய், எலுமிச்சம்புளி ஒன்றும் விடக்கூடாது. கசக்கக்கூடாது. அதன் பின் நோ குறைந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். கழுவாமல் வாகனம் தேடி ஓடுவதே பார்வையைப் பறிப்பது. தண்ணீர் முதல், வாகனம் பிறகு. ஆகையால் வேலை தொடங்குமுன் ஒரு வாளி நல்ல தண்ணீரை அருகிலே நிறைத்து வையுங்கள்.

கைக்கு உறை இல்லாதவர்கள் பிளாஸ்ரிக் பையைக் கட்டிக்கொள்ளலாம். சுட்ட சுண்ணாம்புத் தூள் தோலில் பட்டால் முதலில் காய்ந்தபடியே தட்டிவிட்டு, அதன்பின் நிறையத் தண்ணீரில் கழுவவும்.

கலவை

தூளானால், முதல் நாள் மாலை தண்ணீரில் குழைத்துக் கட்டித்தயிர் பதத்தில் ஊறவிடுங்கள். மறுநாள் அந்தக் களி ஒரு பேணிக்கு இரண்டு அல்லது மூன்று பேணி தண்ணீர் சேர்த்துக் கரைத்து, பழைய நுளம்பு வலையில் வடியுங்கள். தடியைத் தோய்த்துத் தூக்கினால் பால் போல வழிய வேண்டும். கூழ் போல நின்றால் தண்ணீர் போதாது. மிகையாகத் தண்ணீர் விட்டால் இன்னொரு முறை பூச நேரும், அவ்வளவே. தடிப்பாகப் பூசினால் உரியும்.

இனிப் பசை. எம்மவர் கைக்கெட்டுவன மூன்று. முதலாவது, தச்சர் பாவிக்கும் வெள்ளை மரப்பசை. ஒரு லீற்றர் வெள்ளைக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். இரண்டாவது, வச்சிரம். அதை முதல் நாளே தண்ணீரில் ஊறவிட்டு, வெந்நீருக்குள் பாத்திரத்தை வைத்து உருக்கிச் சேர்க்க வேண்டும். மூன்றாவது பால். மூன்றிலும் நாம் சிறந்ததெனக் கருதுவது பாலையே. பாலிலுள்ள புரதமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் காய்ந்தபின் தண்ணீரில் இலகுவில் கரையாத பசை உண்டாகின்றது.

ஆனால் பிள்ளையின் பாலை வாங்குக்கு ஊற்றச் சொல்வதற்கு நாம் வரவில்லை. 2021, 2022ஆம் ஆண்டுகளில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. திரிந்த பால், புளித்துக் கெட்ட பால், பூஞ்சணம் பிடித்துக் குடிக்க ஆகாத தயிர், காலங்கடந்த பால்மா ஆகியவற்றையே சொல்கின்றோம். மாடு வைத்திருப்போர் வீட்டில் இவை எப்போதாவது சேரும். அவை இல்லையேல் மரப்பசையோடு விடுங்கள்.

திரிந்த பாலின் மேல் ஆடையை எடுத்துவிடுங்கள். கொழுப்பு சுண்ணாம்போடு சேர்ந்து சவர்க்காரமாகிப் பிடிப்பைக் கெடுக்கும். முழுதாகத் திரையாவிட்டால் சற்றே சூடாக்கி எலுமிச்சம்புளி விடலாம். துணியில் வடித்து, திரளைத் தண்ணீரில் கழுவிப் பிழிந்து, ஐந்து கரண்டி திரளுக்கு ஒரு கரண்டி சுண்ணாம்புக் களி சேர்த்து நன்றாக மசியுங்கள். கால் மணித்தியாலத்தில் திரள் கரைந்து, கண்ணாடி போன்ற பசையாக மாறுவதைக் காண்பீர்கள். சம அளவு தண்ணீரில் இளக்கி வடித்து, ஐந்து பங்கு வெள்ளைக்கு இது ஒரு பங்காகச் சேருங்கள். அன்றைக்கே பூசி முடித்துவிட வேண்டும். மறுநாள் அந்த வாளிக்குக் கிட்ட எவரும் வரமாட்டார்கள்.

உப்புப் போடலாமா என்று கேட்பார்கள். கோழிக்கூட்டுக்கும் ஆட்டுக்கொட்டிலுக்கும் போடலாம். உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துச் சுண்ணாம்பு மெல்ல இறுக உதவும். தளபாடத்துக்கு அது ஆகாது. மாரியில் வாங்கு வியர்க்கும். ஆணிகள் துருப்பிடித்து வெள்ளைக்குள்ளால் செங்கறை இறங்கும். பனங்கட்டித் தண்ணீர் சேர்ப்பது பழைய மேசன்மாரின் கைமுறை. மேசைக்கு அதைச் சேர்த்தால் எறும்புக்கு விருந்து வைத்ததாகும். உடுப்புக்குப் போடும் நீலத்தில் ஒரு சிட்டிகையைத் துணியில் முடிந்து கலக்கினால் மஞ்சட்சாயல் மறைந்து வெள்ளை எடுப்பாகத் தெரியும்.

பூசும் முறை

பலகையைச் சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, எண்ணெய்ப்பிசுக்கு முற்றாகப் போனபின் வெயிலில் காயவிடுங்கள். கட்டில் ஆனால் பொருத்துக்களிலும் வெடிப்புகளிலும் கொதிநீர் ஊற்றுங்கள். மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் அங்கேதான் ஒளிந்திருக்கும். சொரசொரப்பைச் சமப்படுத்த உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டுவது தச்சரின் பழைய வழி. துண்டின் பிடிக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். மிக வழுவழுப்பாக்கவும் வேண்டாம். வெளியே தெரியும் ஆணித்தலைகளை உள்ளே இறக்கிவிடுங்கள்.

தூரிகை இல்லையென்றால் பொச்சுமட்டைத் துண்டொன்றின் நுனியை ஊறவைத்துத் தட்டித் தும்பாக்கினால் போதும்.

காலை வெயில் ஏறுமுன்னர், அல்லது பின்னேரத்தில், நிழலில் வைத்துப் பூசுங்கள். முதலில் ஈரத்துணியால் பலகையை நனைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தூரிகையும் ஓட வேண்டும். பூசியதும் ஒன்றும் தெரியாது. தண்ணீர் பூசியது போலிருக்கும். இங்கேதான் பலர் பொறுமை இழந்து மேலும் மேலும் அப்புகின்றனர். காயக் காயத்தான் வெளுக்கும். ஒரு நாள் விட்டு இரண்டாம் பூச்சு, இன்னொரு நாள் விட்டு மூன்றாவது. ஒவ்வொரு முறையும் வாளியை அடியோடு கலக்கிக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு விரைவில் அடியில் படியும். மாரி மழை தொடங்கிய பின் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம்.

மரத்தின் ரேகை மங்கலாகத் தெரிய வேண்டுமென்று விரும்புவோர், பூசிய சில நிமிடத்தில் பழைய சாரத் துண்டால் ரேகைவழியே துடைத்துவிடலாம். வீட்டுத்திட்ட வீடுகளில் சுவருக்கு அடித்து மிஞ்சிய எமல்ஷன் பூச்சு தகரத்தில் கிடந்தாலும் இதே வேலைக்கு உதவும். ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுப் பூசித் துடைக்கலாம். அது சுண்ணாம்பை விடக் குறைவாக உரியும் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

உடுப்பில் ஒட்டாமலிருக்க

மூன்றாம் பூச்சு முடிந்து இரண்டு வாரம் அந்த வாங்கில் ஒருவரும் உட்காராதிருப்பது நல்லது. எமது வீடுகளில் அது நடவாது என்பது தெரியும். ஒரு வாரமாவது பாருங்கள். பின்பு காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்து, ஒட்டாத தூளை எடுத்துவிடுங்கள். அதன்மேல் மெழுகுதிரியின் அடிக்கட்டையைத் தேய்த்து, கம்பளித் துண்டாலோ தடித்த சாக்காலோ சூடேறும்வரை உரசுங்கள். கோவிலிலும் சேமக்காலையிலும் எரிந்து மிஞ்சிய கட்டைகளைக் கேட்டால் தருவார்கள். சிலர் மெழுகை மண்ணெண்ணெயில் உருக்குகின்றனர். ஓலைக் கொட்டிலும் தறப்பாளும் உள்ள இடத்தில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். தேங்காயெண்ணெயும் பூச வேண்டாம்; அது காயாது, அழுக்கைப் பிடித்து மஞ்சளிக்கும்.

தொட்டில், பிள்ளை கடித்து விளையாடும் ஸ்ரூல், மாக்குழைக்கும் பலகை ஆகியவற்றை வெறுமரமாகவே விடுங்கள்.

கறையானைச் சுண்ணாம்பு தடுக்கும் என்று நம்பி ஏமாற வேண்டாம். வெள்ளைப் பரப்பில் அதன் மண்வழி ஏறுவது உடனே கண்ணில் படும், அதுவே இலாபம். மண்தரை வீட்டில் கால்களைக் கல்லின் மேல் வையுங்கள். அலுமாரிக் கால்களுக்கு அடியில் எறும்புக்காகத் தண்ணீர்ச் சிரட்டை வைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிடும் இடங்களில் அதுவும் ஒன்று. தண்ணீருக்குப் பதிலாகக் கழிவு எண்ணெய் சிறிது விடலாம்.

வருடத்துக்கொரு முறை, அறுவடை முடிந்து கை ஓய்ந்திருக்கும் நாளில், உரிந்த இடத்தைத் தேய்த்து, மெழுகையும் வெந்நீர்த் துணியால் எடுத்துவிட்டு ஒரு பூச்சுக் கொடுத்தால் மீண்டும் புதிதாகும்.

வாளி கழுவிய சுண்ணாம்புத் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். நாற்றுமேடையிலும் ஊற்ற வேண்டாம். வலிகாமத்துச் செம்மண் சுண்ணாம்புப் பாறையின் மேலேயே கிடக்கின்றது; அதற்கு மேலும் சுண்ணாம்பு தேவையில்லை. மலசலகூடக் குழியைச் சுற்றி ஊற்றலாம். மிஞ்சிய களிக்குப் பால் சேர்க்காதிருந்தால், அதன்மேல் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்படி விட்டு இறுக மூடி வையுங்கள். அடுத்த ஆண்டுவரை கெடாது, இன்னும் நன்றாகவே இருக்கும். தயிர்ச்சட்டியிலோ பால்மாப் பேணியிலோ அதை வைக்க வேண்டாம். மூடியில் ‘சுண்ணாம்பு’ என்று பெரிதாக எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் ஏற்றி வையுங்கள்.